தொண்டையில் நின்றது

பேருந்து நிலையத்தில் எல்லாரும் அவளை மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டிரைவர்கள், கண்டக்டர்கள், பழக்கடைக்காரர் மட்டுமல்ல, அவளைவிட வயதில் மூத்த டைம்கீப்பர்கூட அப்படித்தான்.

டிக்கெட் கவுண்டர்களுக்கு மேலே மாடியில் அவளுடைய அறை. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். ஒரு மேஜை, ஒரு மைக், நிலையம் முழுவதும் தெரிகிற கண்ணாடி ஜன்னல், மேலே ஒரு மின்விசிறி. விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்பதால் ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்பும் அதை நிறுத்துவாள், பேசி முடித்ததும் போடுவாள். வண்டிகள் வரிசையாக வரும் நேரத்தில் அதற்கும் அவகாசம் இருக்காது. வியர்வை கழுத்தில் வழிய வழிய, குரலில் மட்டும் புழுக்கம் தெரியாமல் பேசிக்கொண்டிருப்பாள். தெளிவான குரல். ஊர்ப் பெயர்களின் கடைசி எழுத்தை விழுங்க மாட்டாள். காது மந்தமானவர்கள்கூட அவள் சொன்னால் சரியான வண்டியில் ஏறிவிடுவார்கள்.

"பஸ் நேரத்துக்கு வந்தா டிரைவர் நல்லவரு. வரலைன்னா நான் பொய் சொன்னவ" என்பாள்.

வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அப்பா சீக்கிரம் போய்விட்டார், தம்பி படித்துக்கொண்டிருந்தான், அவள் வேலைக்கு வந்தாள். பார்க்க வந்த இரண்டொரு இடங்கள் தட்டிப்போயின. அப்புறம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்து, அவர்களோடேயே இருந்தாள். தம்பியின் மனைவி துணிக்கடையில் வேலை பார்த்தாள். குழந்தை இல்லை. நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே அடுப்பில் சமைத்தால் வரக்கூடிய உரசல்கள் வந்தன, போயின. ஒருத்தி உப்புப் போட்டாளா என்று இன்னொருத்தி கேட்காமலேயே போட்டுவிடுவதால் குழம்பு கரித்த நாட்கள் நிறைய.

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். தலையில் எல் போர்டு வைத்த சின்னக் கார். சாயங்காலம் கடைசி மாணவனை இறக்கிவிட்டு, நேராகப் பேருந்து நிலையத்துக்கு வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அவள் உட்காருவது பக்கத்து இருக்கையில். பாடம் நடக்கும்போது அது வாத்தியார் இடம். அங்கேயும் காலடியில் ஒரு பிரேக் மிதி உண்டு. இரண்டு மிதிகளும் ஒரே கம்பியில் இணைந்தவை. ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும்.

"எல்லா வண்டியிலயும் ஒரு பிரேக்குக்கா. என் வண்டியில ரெண்டு. எமனே வந்தாலும் ரெண்டு தடவை யோசிப்பான்" என்று சிரிப்பான். "ஆனா நீ மட்டும் அதுல கால வெச்சிடாத."

அவளும் ஏறியதும் காலைப் பின்னால் மடக்கிக்கொண்டு உட்காருவாள். பல வருடப் பழக்கம்.

அன்றைக்கு மழை. நாற்சந்தியில் இவர்களுக்குப் பச்சை விளக்கு. பக்கத்துச் சாலையிலிருந்து வந்த லாரி நிற்கவில்லை. தம்பி "ஏய்" என்று ஒரு சத்தம் போட்டான். அவளுக்கு அப்புறம் நினைவிருந்தது இரண்டுதான். கண்ணாடி முழுக்க வந்து நின்ற லாரியின் முகம். தன் காலுக்கு முன்னால் யாரும் மிதிக்காமல் தானாகத் தரை வரை இறங்கிய அந்த மிதி.

கார் வழுக்கிக்கொண்டுபோய் லாரியின் முன்னால் குறுக்காக நின்றது. லாரி தம்பி உட்கார்ந்திருந்த பக்கத்தை இடித்து நசுக்கியது. அவன் அந்த இடத்திலேயே இறந்துபோனான். சீட் பெல்ட் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. முன்பக்கம் உள்ளே நெளிந்து வந்து அவள் நெஞ்சின் மேல்பக்கத்தில் இடித்தது. தலை கண்ணாடியில் மோதிப் பிளந்தது.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் தலைக்குத் தையல் போட்டார்கள். நெஞ்சுக்கு எக்ஸ்-ரே எடுத்தார்கள். விலாவில் ரத்தம் கட்டியிருக்கிறது, எலும்பு எதுவும் உடையவில்லை என்றார்கள். இடது தோளைத் தூக்க முடியவில்லை என்று சொன்னதால் கையைத் துணித் தொங்கலில் போட்டு, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கழுத்துக்குக் கீழே புஸ்ஸென்று வீங்கியிருந்தது. வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்றார் அங்கிருந்த டாக்டர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதே நேரத்தில் வேறொரு வண்டி விபத்தும் வந்து, வராந்தா முழுக்க ஸ்ட்ரெச்சர்கள்.

தம்பி போன பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாய் வைத்தால் அது தொண்டைக்குக் கீழே ஓரிடத்தில் போய் நிற்கும். தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டும். குரல் கம்மிப்போயிருந்தது. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணையைச் சுவரோடு அடுக்கி, சாய்ந்தபடியே தூங்கினாள்.

"பாவம், துக்கம் தொண்டையை அடைக்குது" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"கூடப் பொறந்தவன் கண்ணெதிர்லயே போனா யாருக்குத்தான் இறங்கும்?" என்றார் டைம்கீப்பர். அவர் பழச்சாறு வாங்கி வந்திருந்தார். அவள் இல்லாததால் மைக்கில் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். "நான் பேசறது ஒருத்தனுக்கும் புரியல. வடக்க போறவன் தெக்க போற பஸ்ல ஏறிட்டு என்னைத் தேடி வந்து திட்றான். நீ சீக்கிரம் வந்துடும்மா" என்றார். அவள் சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

துக்கம் என்றே அவளும் நம்பினாள். அந்த அடைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். தம்பி செத்துப்போய், தனக்குத் தலையில் ஒரு தையலும் கையில் ஒரு தொங்கலும் மட்டும்தானா என்ற குற்ற உணர்ச்சிக்கு, சோறு இறங்காதது ஒரு பதில் மாதிரி இருந்தது. நான் மட்டும் முழுசாகத் தப்பித்துவிடவில்லை என்று சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

ஒரு கையால் உடுத்திக்கொள்ள முடியாது. தலை சீவ முடியாது. எல்லாம் தம்பி மனைவிதான் செய்தாள். அவள் பேசவே மாட்டாள். சீப்பு முடியில் சிக்கினால் மட்டும் "வலிக்குதா?" என்பாள். ஒருநாள் தொங்கலை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தவள், முடிச்சைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருந்துச்சே, அண்ணி."

 மைக் அக்கா வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தம்பி மனைவி முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்து போனாள். அன்று முழுவதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் சாயங்காலம் கஞ்சி வந்தது. வழக்கத்தைவிடத் தண்ணியாக, கட்டி இல்லாமல் வடிகட்டிய கஞ்சி.

வீக்கம் வடிந்தது. வடிந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

ஒரு காலையில் குளிப்பாட்டி, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள் தம்பி மனைவி. கை பாதியில் நின்றது.

"அண்ணி, இங்க பாருங்க" என்று கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள்.

கழுத்துக் குழியின் இரண்டு பக்கமும் எலும்பு முனை மொட்டுப்போலத் தெரிய வேண்டும். வலப்பக்கம் தெரிந்தது. இடப்பக்கம் அந்த இடத்தில் பள்ளம். யாரோ கட்டைவிரலால் உள்ளே அழுத்தியதுபோல. தம்பி மனைவி இடது கையைத் தொங்கலிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கை வீங்கியிருந்தது. விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"மரத்துப்போவுது" என்றாள் மைக் அக்கா, கிசுகிசுப்பாக. "தொங்கப்போட்டதால இருக்கும்னு…"

"சொல்ல மாட்டீங்களா?"

"யாருகிட்ட சொல்றது?"

தம்பி மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்ததும் புரையேறி, மூச்சை இழுக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மைக் அக்கா. கண்கள் பிதுங்கின. அடங்குவதற்குள் தம்பி மனைவி செருப்பை மாட்டியிருந்தாள். இந்த முறை பெரிய ஆஸ்பத்திரிக்கு.

அங்கே எலும்பு டாக்டர் ஒரு பெண். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். நோயாளியைப் பார்த்ததும் எக்ஸ்-ரே படத்தைக் கேட்கவில்லை. முதலில் தொட்டார். மெல்ல, அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் மட்டும். பிறகு உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேன் வந்ததும் இருவரையும் உட்கார வைத்து, தன் கழுத்தின் கீழேயே விரலை வைத்துக் காட்டினார்.

"இது காறை எலும்பு. தோள்லேர்ந்து நெஞ்செலும்பு வரைக்கும் வருது. கீழ விழுந்தா, அடிபட்டா உடையறது சகஜம்தான். ஆனா நடுவுலதான் உடையும். நெஞ்செலும்போட வந்து சேர்ற இந்த ஓரத்துல உடையறது அபூர்வம். பலமா அடி விழுந்தாத்தான் உடையும்."

"எக்ஸ்-ரேல ஒண்ணுமில்லன்னு சொன்னாங்களே" என்றாள் தம்பி மனைவி.

"இந்த இடம் அதுல சரியா விழாது. முதுகெலும்பு, விலா, நெஞ்செலும்பு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து மறைச்சிடும். சந்தேகம் வந்து ஸ்கேன் எடுத்தாத்தான் பிடிபடும்."

"அப்போ அவங்க தப்பு பண்ணிட்டாங்க."

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "தலையில ரத்தம் கொட்டிக்கிட்டு வந்திருக்காங்க. முதல்ல தலையைத்தான் பார்ப்போம். நானா இருந்தாலும் அப்படித்தான். ஆனா முழுங்க முடியலன்னு சொன்னதும் திரும்ப வந்திருக்கணும்."

"துக்கம்னு நெனச்சோம்."

டாக்டர் மைக் அக்காவைப் பார்த்தார். ஸ்கேன் படத்தை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இந்த ஓரத்துல உடைஞ்ச பல பேருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. கையைத் தொங்கல்ல போட்டு ஓய்வு கொடுத்தா கூடிடும். இவங்களுக்கு உடைஞ்ச துண்டு பின்பக்கமா போயிருக்கு. அங்க இடமே கிடையாது. மூச்சுக்குழாய், உணவுக்குழாய், கையிலேர்ந்து ரத்தம் திரும்புற பெரிய குழாய், குரலுக்குப் போற நரம்பு எல்லாம் நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கு. அதான் சோறு நிக்குது, குரல் கம்முது, கை நீலமாவுது. துண்டை முன்னால இழுத்துத் தகடு வெச்சு ஸ்க்ரூ போடணும். நெஞ்சு ஆபரேஷன் பண்ற டாக்டரும் பக்கத்துலயே நிப்பாரு. எலும்பை இழுக்கும்போது ரத்தக்குழாய் கிழிஞ்சா உடனே பார்க்கணும்."

"கம்பி போட்டுக் கட்ட மாட்டீங்களா? எங்க கடையில ஒருத்தருக்குக் கையில கம்பிதான் போட்டாங்க."

"இங்க மெல்லிசான கம்பி ஆகாது. நாளடைவுல நகர்ந்து நெஞ்சுக்குள்ள போயிடும்."

ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் கூப்பிடும் வரை உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மங்கிய பச்சைப் பெயின்ட். பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்தார். இழுக்கும்போது கிழிந்தால் என்று டாக்டர் சொன்னது மைக் அக்காவின் காதிலேயே நின்றது. திரும்பி வராமல் போனால், சொல்ல வேண்டியதை யாரும் சொல்லப்போவதில்லை.

"அந்த மிதி" என்று ஆரம்பித்தாள். குரல் வராததால் தம்பி மனைவி காதை அருகில் கொண்டுவந்தாள். "என் காலுக்கு முன்னால இருந்த மிதி. தானா இறங்குச்சும்மா. தரை வரைக்கும் இறங்குச்சு. நான் பார்த்தேன். அவன் மிதிச்சுட்டான். நான் மிதிக்கறதுக்கு அதுல ஒண்ணும் மிச்சம் இல்ல. ரோடுதான் ஈரம்."

தம்பி மனைவி நிமிரவில்லை. காதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு பயந்தாரா?" என்று கேட்டாள்.

"கோவப்பட்டான். ஏய்னு கத்தினான். பயப்பட நேரம் இல்ல."

தம்பி மனைவி அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். செய்தித்தாள்காரர் எழுந்து அந்தப் பக்கம் போனார். நர்ஸ் வந்து கூப்பிட்டபோது மைக் அக்காவின் நல்ல கை அவள் பிடியில் இருந்தது. விரல் விரலாக எடுத்துத்தான் போக வேண்டியிருந்தது.

கிழியவில்லை. துண்டு முன்னால் வந்தது. நீல விரல்கள் மறுநாளே நிறம் திரும்பின. சில நாள் நீர் ஆகாரம், பிறகு குழைந்த சோறு. வீட்டுக்கு வந்த அன்று தம்பி மனைவி தட்டில் சாதாரணமாகச் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். மைக் அக்கா பயந்து பயந்து முதல் வாயை வைத்தாள். போய்விட்டது. இரண்டாவது வாய். அதுவும் போய்விட்டது. நிற்கவில்லை, தண்ணீர் தேவைப்படவில்லை. தட்டு காலியாகும் வரை தலை நிமிராமல் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி போடச் சொல்லித் தட்டை நீட்டினாள்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"அவன் போன துக்கம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "எலும்பாம். எலும்பை எடுத்து வெச்சதும் என் பாட்டுக்குத் திங்கறேன் பாரு. அப்போ எனக்குத் துக்கமே இல்லியா?"

தம்பி மனைவி கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தாள்.

"நான் முதல் நாள்லேர்ந்தே சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன், அண்ணி. நீங்க ஒரு வாய் இறங்காம உட்கார்ந்திருப்பீங்க. நான் சமையக்கட்டுல கதவைச் சாத்திக்கிட்டு, நின்னுக்கிட்டே, திருடி மாதிரி தின்னேன். பசிச்சுது. உங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆத்திரமா இருக்கும் தெரியுமா? கட்டினவ நானு. துக்கம் பூரா உங்ககிட்ட இருக்கேன்னு."

 தம்பி மனைவி ஒரு கரண்டி சோறு போட்டாள். தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அதன் பிறகு யாரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடவில்லை. அதற்காகச் சந்தோஷம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் பேச்சில்லாமல் மெல்லுகிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

கை பல வாரம் தொங்கலில் இருந்தது. பிறகு சுவரில் விரல்களால் ஊர்ந்து ஊர்ந்து கையை ஏற்றும் பயிற்சி. தோள் மட்டத்தைத் தாண்டும்போது கண்ணில் நீர் வரும். டாக்டர் சொன்னபடி கனமான பை தூக்கவில்லை. எலும்பு கூடிவிட்டது என்று படத்தில் தெரிந்தது. குரல்தான் முழுதாகத் திரும்பவில்லை. அத்தனை நாள் அழுந்திக் கிடந்த நரம்பு தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார்கள்.

வேலைக்குப் போனாள். விசிறியை நிறுத்தினாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்து ஒரு வண்டியை அறிவித்தாள். சொற்கள் கரகரவென்று, ஓட்டை விழுந்த துணிபோல வெளியே போயின. ஊர்ப் பெயரின் கடைசி எழுத்து வரவே இல்லை. கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். ஜனங்கள் ஒருவரையொருவர் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். டைம்கீப்பர் மாடியேறி வந்து, பக்கத்தில் நின்று அதே அறிவிப்பைத் தன் குரலில் சொன்னார். நிலையத்து மேலாளர் நல்ல மனிதர். அவளைக் கீழே விசாரணைச் சன்னலுக்கு மாற்றினார். அங்கே மெதுவாகப் பேசினால் போதும்.

தம்பி மனைவியை அவளுடைய அண்ணன் தன் ஊருக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு வேலையும் பார்த்து வைத்திருந்தார். போகலாமா வேண்டாமா என்று வெகுநாள் இழுத்துவிட்டு, ஒரு மழைக்காலம் முடிந்ததும் கிளம்பினாள். புறப்படும் அன்று மைக் அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தம்பி மனைவி பெட்டியோடு விசாரணைச் சன்னல் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கண்ணாடி ஓட்டைக்கு நேராகக் குனிந்தாள்.

"போயிட்டு வரேன், அண்ணி. தலைக்கு மேல எதையும் எட்டி எடுக்காதீங்க. சக்கரை டப்பாவைக் கீழ்த்தட்டுல வெச்சிருக்கேன்."

"சரிம்மா. ஜன்னலோர சீட்டு வேணாம், வெயில் அடிக்கும்."

பின்னால் நின்றவர் "சீக்கிரம் கேளுங்கம்மா" என்றார். தம்பி மனைவி விலகிக்கொண்டாள். அவர் தன் வண்டியைப் பற்றிக் கேட்டார். மைக் அக்கா பதில் சொன்னாள். வரிசை குறைந்து நிமிர்ந்து பார்த்தபோது அவள் ஏற வேண்டிய பஸ் நின்ற மேடை காலியாக இருந்தது.

அடுத்த வருடம் தம்பி மனைவி ஃபோன் செய்தாள். சுற்றி வளைத்து வேலை, வெயில், வாடகை என்று பேசிவிட்டுச் சொன்னாள்.

"அண்ணன் ஒரு இடம் பார்த்திருக்காரு. அவருக்கும் சம்சாரம் தவறிட்டாங்க. ஸ்கூல்ல வாத்தியாரு. நீங்க வேணாம்னா வேணாம், அண்ணி."

மைக் அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வீட்டில் வேறு சத்தம் இல்லை.

"அவரு வண்டி ஓட்டுவாரா?" என்று கேட்டாள்.

"சைக்கிள்கூட வராதாம். பஸ்ஸுலதான் போறாரு."

"அப்போ சரி. கட்டிக்கோ."

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. இவளுக்கும் வந்தது. கரகரவென்ற அந்தச் சிரிப்பு இருமலாக மாறி நின்றது. பிறகு தம்பி மனைவி, கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டாள். வருகிறேன் என்றாள். ஆனால் போகவில்லை. அவ்வளவு தூரம் வண்டியில் உட்கார அவளால் முடியவில்லை.